முதல் செமஸ்டர் வெளிநாட்டில், ஜனவரியில்தான் கேம்பஸ்: இந்த மாதிரி அட்மிஷனை ஏற்கலாமா?

எடிசன்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடிகிறது. அவள் ரொம்ப ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். ஆனால் ஆகஸ்டில் கேம்பஸுக்கு வர முடியாதாம். முதல் செமஸ்டரை லண்டனிலோ ஃபிளாரன்ஸிலோ படித்துவிட்டு ஜனவரியில் வந்து சேர வேண்டும் என்கிறார்கள். கடிதம் முழுக்க உலக அனுபவம், தன்னம்பிக்கை என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். விடுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் இரண்டு கட்சி. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆகஸ்டில் போய்ச் சேரும்போது நம் பிள்ளை மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்கிறார் கணவர். மகளுக்கு இப்போதே லண்டன் கனவு. எங்கள் நியூ ஜெர்சி மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸிலும் இடம் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கம், செலவும் குறைவு. அவள் எடுக்கப்போவது உயிரியல், பிறகு மெடிக்கல் ஸ்கூல் போகலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

இது உண்மையிலேயே நல்ல திட்டமா, இல்லை தங்க இடம் இல்லாததால் பிள்ளைகளை வெளியே அனுப்பி வைக்கிறார்களா? மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்

முதலில் மகளுக்கு வாழ்த்துகள். நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள் எல்லாரும் பந்திக்கு வருவதில்லை. சமையல்காரருக்கு ஒரு எண் சொல்லியாக வேண்டும், அது அனுபவத்தில் போடும் உத்தேசம்தான். அட்மிஷன் அலுவலகமும் இதைத்தான் செய்கிறது. இரண்டாயிரம் பேர் வேண்டும் என்றால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு பேருக்கு இடம் கொடுப்பார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது மே 1 அன்றுதான் தெரியும். சதவீதக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

2019-இல் வர்ஜீனியா டெக்கில் அதுதான் நடந்தது. சுமார் 6,600 புது மாணவர்கள் என்று திட்டம். வருகிறோம் என்று சொன்னவர்கள் 8,000 பேர். ஒரு வருடம் தள்ளிச் சேர்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள், ஹோட்டல் அறைகளை மாணவர் விடுதியாக மாற்றினார்கள். 2017-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.) இர்வைன் கேம்பஸில் 800 பேருக்கும் மேல் கூடிப்போனபோது நடந்தது இன்னும் மோசம். மதிப்பெண் சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டி 499 பேருக்குக் கொடுத்த இடத்தை ஜூலை மாதத்தில் ரத்து செய்தார்கள். வேறு கல்லூரிகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்தக் கேம்பஸின் தலைவரான சான்சலர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார், சான்றிதழ் தாமதத்தால் நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த உத்தேசம் போடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டிருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் என்ற ஆன்லைன் படிவம் வழியாகச் சில பிள்ளைகள் பதினைந்து இருபது கல்லூரிக்குக்கூட விண்ணப்பிக்கிறார்கள். 2020-க்குப் பிறகு பல இடங்களில் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு கட்டாயம் இல்லை என்று ஆனதும் விண்ணப்பங்கள் எகிறின. ஒரு பிள்ளை உண்மையில் எங்கே போக நினைக்கிறது என்பதைக் கல்லூரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் ஒரு பகுதி மாணவர்களை ஜனவரிக்குத் தள்ளி வைத்துக்கொண்டால் ஆகஸ்டில் நெருக்கடி வராது. உங்களுக்கு வந்திருப்பது அந்த வகை என்றுதான் நினைக்கிறேன்.

மினசோட்டா_மல்லி

வாத்தியார் சொன்னதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் ஹவுசிங் ஆபீஸில் நெடுநாள் வேலை பார்த்தேன்.

ஆகஸ்டில் கட்டில் போதாது, ஜனவரியில் கட்டில் காலியாகக் கிடக்கும். எல்லாக் கேம்பஸிலும் இதே கதைதான். டிசம்பரில் சிலர் பட்டம் முடித்துப் போவார்கள், சிலர் படிப்பை நிறுத்திவிடுவார்கள், மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஸ்பிரிங்கில், அதாவது ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில், வெளிநாடு போவார்கள், சிலர் வெளியே வாடகைக்குப் போய்விடுவார்கள். காலிக் கட்டிலுக்கும் கல்லூரிக்குச் செலவு உண்டு. கட்டடம் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. அந்தக் கட்டில்களை நிரப்ப ஜனவரியில் ஒரு கூட்டம் வந்தால் வரவு செலவு சமமாகிவிடும். முதல் செமஸ்டர் வெளிநாடு என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்த திட்டம்தான். அதற்காக அது கெட்ட திட்டம் ஆகிவிடாது. ஆனால் காரணத்தைக் கடிதத்தில் நேராகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் தாராளமாக இருக்கிறது.

இந்தத் திட்டம் இல்லாத இடத்தில் ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்பதையும் உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். இருவர் அறையில் மூன்றாவது கட்டில் போடுவோம். இரண்டு கட்டிலை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மேசை ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, மூன்று பேருக்கு இரண்டு அலமாரி. அதுவும் பத்தாவிட்டால் ஒவ்வொரு மாடியிலும் இருக்கும் லவுஞ்ச். அங்கே பிள்ளைகள் சேர்ந்து படிப்பதற்கு சோபா போட்டிருக்கும், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். சோபாவை எடுத்துவிட்டு, கண்ணாடிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டி, கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டி, ஆறு கட்டில் போடுவோம். ஜன்னல், புகை எச்சரிக்கைக் கருவி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தீயணைப்பு ஆய்வாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட முடியும். செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குள் யார் யார் வரவில்லை என்று தெரிந்துவிடும், ஒவ்வொருவராக நிஜ அறைக்கு மாற்றுவோம். அதற்குள் அந்தப் பிள்ளைகள் ஆறு பேரும் ஒன்றாகிவிடுவார்கள், பிரிய மாட்டோம் என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். தூக்கமே வரவில்லை என்று நள்ளிரவில் மெயில் அனுப்பிய பிள்ளைகளும் உண்டு.

அதனால் ஆகஸ்டில் சேர்ந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்து ஒப்பிடாதீர்கள்.

வெர்மான்ட்_வாசி

ஜனவரி, பிப்ரவரியில் சேர்ப்பது ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் மிடில்பரி கல்லூரியில் 1970-களிலிருந்து நடக்கிறது. வருடத்துக்குச் சுமார் 100 பேர் பிப்ரவரியில்தான் முதல் முறையாக வகுப்புக்கு வருகிறார்கள். ஃபாலில், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில், என்ன செய்வது என்பது அவர்கள் விருப்பம். வேலைக்குப் போகலாம், ஊர் சுற்றலாம், வீட்டில் இருக்கலாம். நான்கு வருடம் கழித்து அவர்கள் பட்டம் முடிப்பதும் பிப்ரவரியில்தான். கல்லூரியின் சொந்தப் பனிச்சறுக்கு மலையில் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக ஸ்கீயில் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வரும். ஆகஸ்ட் பிள்ளைகளே பொறாமைப்படும் கூட்டம் அது.

மெய்ன் மாநிலத்தில் கோல்பி கல்லூரி முதல் செமஸ்டருக்குப் பிரான்ஸின் திஜோனுக்கும் ஸ்பெயினின் சலமாங்காவுக்கும் அனுப்பி வந்தது. ஸ்கிட்மோர் லண்டனுக்கு அனுப்புகிறது. சிறிய கல்லூரிகளில் இது பல வருடப் பழக்கம், பேராசிரியர் ஒருவரும் கூடவே போவார்.

மல்லி அக்கா சொன்ன நெருக்கடிக்கு ஒரு சேதி. 2023-இல் இதே மிடில்பரியில் கட்டில் போதவில்லை. மூன்றாம், நான்காம் வருட மாணவர்களில் முதலில் முன்வரும் சிலருக்கு ஆளுக்கு 10,000 டாலர் தருகிறோம், ஃபாலுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியே அறிவித்தது.

பே_ஏரியா_அப்பா

நான் இதில் உடன்படவில்லை. நல்ல திட்டமாக இருந்தால் எல்லோருக்கும் விருப்பத் தேர்வாகக் கொடுக்கலாமே? சிலருக்கு மட்டும் இதுதான் வழி என்று ஏன் கட்டாயமாக்க வேண்டும்?

ஸ்பிரிங்கில் சேர்பவர்கள் ஃபால் புது மாணவர் கணக்கில் வரமாட்டார்கள். மத்திய அரசுக்கு அனுப்பும் பட்டம் முடித்தோர் சதவீதமும் ஃபாலில் சேர்ந்தவர்களை வைத்துத்தான். அப்படியென்றால் கொஞ்சம் மதிப்பெண் குறைந்த, ஆனால் முழுக் கட்டணம் கட்டக்கூடிய பிள்ளைகளை ஜனவரி வழியாகச் சேர்த்தால் தரவரிசைக்குப் போகும் கல்லூரியின் எண்கள் பளபளப்பாகவே இருக்கும், பணமும் வரும். பாஸ்டனில் இருக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2007-இல் என்.யு.இன் என்ற இதே மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் சேர அங்கே விண்ணப்பித்தவர்கள் 91,000 பேர், இடம் கிடைத்தது சுமார் 7 சதவீதத்துக்கு. அந்த 7 சதவீதத்தைப் பார்த்துப் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். ஜனவரி வாசல் வழியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று. 2020 செப்டம்பரில் கொரோனாவால் என்.யு.இன் மாணவர்களில் ஒரு பகுதியினரை வெளிநாடு அனுப்பாமல் பாஸ்டனிலேயே வெஸ்டின் ஹோட்டலில் தங்க வைத்தார்கள். அங்கே ஓர் அறையில் கூடியிருந்தார்கள் என்று 11 பேரை அந்த செமஸ்டரிலிருந்து நீக்கினார்கள். கட்டிய 36,500 டாலரும் திரும்பக் கிடைக்காது என்றார்கள். நாடு முழுக்கப் பேச்சான பிறகுதான் கல்விக் கட்டணப் பகுதியை அடுத்த செமஸ்டருக்கு வரவு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் விதியை மீறியது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுத் திட்டத்தின் பணம் தனி ஒப்பந்தத்தில் போகிறது, அதைத் திரும்ப வாங்குவது லேசில்லை என்பதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

கணக்கு_வாத்தியார்

சார், பணம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தரவரிசை பற்றி மட்டும் ஒரு திருத்தம். யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பதை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். குறைந்த சதவீதம் இன்றைக்கு விளம்பரத்துக்கு உதவும், தரவரிசையில் நேரடியாக ஏறாது. மதிப்பெண் சராசரி, பட்டம் முடித்தோர் சதவீதம் விஷயத்தில் நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனாலும் கட்டில் கணக்குதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் ஊரையே பாருங்கள். யு.சி. பெர்க்லியில் மாணவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூட பல்கலைக்கழக விடுதி கிடையாது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2022 மார்ச்சில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், மாணவர் எண்ணிக்கையைப் பழைய அளவிலேயே நிறுத்த வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் போயிருக்கும். சட்டமன்றம் அவசரமாகக் கூடி சட்டத்தைத் திருத்தியதால் தப்பித்தார்கள். யு.சி.யின் சான்டா பார்பரா கேம்பஸில் 2021-இல் பிள்ளைகளை ஹோட்டலில் தங்க வைத்தார்கள். அங்கேதான் கோடீஸ்வர முதலீட்டாளர் சார்லி மங்கர் பணத்தில், 4,500 பேருக்கு, பெரும்பாலான அறைகளுக்கு ஜன்னலே இல்லாத ஒரு விடுதி கட்டப் பார்த்தார்கள். ஆலோசனைக் குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் அதை எதிர்த்துப் பதவி விலகினார். 2023-இல் கைவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறையையே யோசிக்கும் நிலைக்குக் கொண்டுபோனது கட்டில் பஞ்சம்தானே, தரவரிசை இல்லையே.

தேம்ஸ்_கரை

வணக்கம் ஆன்ட்டி. நான் இப்படி லண்டனில் முதல் செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள், இப்போது மூன்றாம் வருடம். என் கல்லூரி வேறு, ஆனால் அமைப்பு ஒன்றுதான்.

லண்டன் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்களை மாதிரியே ஜனவரியில் சேரப்போகிற எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தோம், ஐந்து பேருக்கு ஒரு சமையலறை. சமைக்கத் தெரியாமல் போனவள் நான். சனிக்கிழமைகளில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து ஈஸ்ட் ஹாம் போய் இலங்கைத் தமிழ்க் கடைகளில் தேங்காய்ப்பால் மாவும் சிவப்பு அரிசியும் வாங்கி வருவேன். என்னோடு இருந்த டெக்ஸாஸ் பெண்ணுக்கு இடியாப்பத்தை விட்டால் வேறு சாப்பாடே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அப்போது கிடைத்த நண்பர்கள்தான் இன்றைக்கும் நெருக்கம்.

கஷ்டம் ஜனவரியில்தான் தொடங்கியது. எனக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே ஒரு பெண் ஃபால் முழுக்க இன்னொருத்தியோடு இருந்திருக்கிறாள். அந்த இன்னொருத்தி வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால் நான் உள்ளே வந்தேன். சுவரில் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் ஒட்டியிருந்தன. அவள் கெட்டவள் இல்லை, ஆனால் அது எனக்கு வேறு யாரோ வாழ்ந்த இடம் மாதிரியே இருந்தது. நடனக் குழுவில் சேரலாம் என்று போனால் தேர்வு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் வா என்றார்கள். லேப் வகுப்புகளில் மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மாலை மட்டும். இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் தயாராகப் போயிருப்பேன்.

நீங்கள் மெடிக்கல் என்று சொன்னதால் முக்கியமான விஷயம்: பொது வேதியியல் முதல் பகுதி பல கல்லூரிகளில் ஃபாலில்தான் தொடங்கும். ஸ்பிரிங்கிலும் முதல் பகுதி நடத்துகிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு வருடம் தள்ளிப்போகும், மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதுவதும் அதன் பின்னால் தள்ளிப்போகும். நான் அதைச் சரிக்கட்டக் கோடையில் தனியாகப் பணம் கட்டிப் படித்தேன்.

பே_ஏரியா_அப்பா

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் விசா பற்றி யாரும் பேசவில்லை. நம்மில் பலருக்குப் பிள்ளைகள் இன்னும் எச்-4-இல் (எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கான விசா), இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கிறார்கள். அவர்கள் இங்கேயே வளர்ந்ததால் பள்ளி ஆலோசகருக்குக்கூட இது தெரிவதில்லை.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்து போக விசா வேண்டும். ஜனவரியில் திரும்பி வர எச்-4 விசா முத்திரை செல்லுபடியாக இருக்க வேண்டும். நம்மில் பாதிப்பேருக்கு நீட்டிப்புக் காகிதம்தான் இருக்கும், பாஸ்போர்ட்டில் முத்திரை காலாவதியாகிக் கிடக்கும். பிள்ளை லண்டனிலிருந்து நேராகத் திரும்ப முடியாமல், முத்திரைக்காகச் சென்னை போய் நேர்காணல் தேதிக்குக் காத்திருக்க வேண்டி வரும். செமஸ்டர் தொடங்கும் தேதி அதற்காக நிற்காது. எங்கள் நண்பர் வீட்டில் இதற்காகவே இப்படி வந்த இடத்தை வேண்டாம் என்றார்கள்.

ஃபிளாரன்ஸ் என்றால் அமெரிக்கக் குடிமக்களுக்குமே விசா வேண்டும். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்கள்தான் இருக்கலாம், ஒரு செமஸ்டர் பெரும்பாலும் அதைத் தாண்டும். கோடையில் இத்தாலியத் தூதரகத்தில் தேதி வாங்குவது சுலபமில்லை. இங்கிலாந்தில் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் ஆறு மாதம் வரை விசிட்டராகவே படிக்கலாம், ஆன்லைனில் இ.டி.ஏ. அனுமதி எடுத்தால் போதும்.

எடிசன்_அம்மா

அப்பாடா, இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. மகள் இங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட். அந்தக் கவலை இல்லை. ஆனால் ஃபிளாரன்ஸை இப்போதே தள்ளி வைத்துவிட்டோம்.

வேதியியல் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாளைக்குக் கல்லூரிக்கு ஃபோன் செய்யப்போகிறோம். வேறு என்ன கேட்க வேண்டும்?

மினசோட்டா_மல்லி

ஃபோனில் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள். ஹவுசிங் ஆபீஸில் இருந்தவளாகச் சொல்கிறேன், ஃபோனில் சொன்னதற்கு ஜனவரியில் ஒருவரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள்.

ஜனவரியில் விடுதி இடம் உறுதியா, அல்லது "முயற்சி செய்வோம்" மட்டும்தானா? ஜனவரிப் பிள்ளைகளை ஒரே மாடியில் சேர்த்து வைக்கிறார்களா, காலியான இடங்களில் ஒவ்வொருவராகப் போடுகிறார்களா? இதைக் கேட்டாலே அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பணத்தில், கல்லூரி தரும் உதவித்தொகை ஃபாலுக்கும் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. சில இடங்களில் பிள்ளை ஜனவரியில்தான் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்ததாகக் கணக்கு, அதுவரை உதவித்தொகை கிடையாது. வெளிநாட்டில் கற்பிக்கும் நிறுவனம் எது, மத்திய அரசின் உதவிக்குத் தகுதியான நிறுவனமா என்றும் பாருங்கள். 529 என்ற கல்லூரிச் செலவுக்கான சேமிப்புக் கணக்கிலிருந்து வரி இல்லாமல் எடுக்க அது வேண்டும். அங்கே எடுக்கும் கிரெடிட் எல்லாம் மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, சேருமா, வெறும் தேர்வுப் பாடமாக மட்டும் நிற்குமா என்பதும் முக்கியம்.

சில இடங்களில் இந்த ஏற்பாட்டால் பணம் மிச்சமாவதும் உண்டு. ஃபுளோரிடா ஸ்டேட்டில் முதல் வருடம் முழுவதையும் அவர்களுடைய வெளிநாட்டு மையங்களில் படித்தால், வெளிமாநிலப் பிள்ளைகளுக்குப் பிறகு உள்மாநிலக் கட்டணம்தான். அதைப் போல எதாவது சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

எடிசன்_அம்மா

பேசிவிட்டோம். பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆகஸ்டில் விடுதியில் இடம் குறைவு என்பதும் ஒரு காரணம் என்று நேராகவே ஒப்புக்கொண்டார். அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஜனவரி விடுதி உறுதி, மெயிலில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லண்டனிலிருந்து வருபவர்கள் முடிந்தவரை ஒரே கட்டடத்தில். வேதியியல் முதல் பகுதி ஸ்பிரிங்கிலும் உண்டு. உதவித்தொகையில்தான் இடி: ஃபாலுக்குக் கிடையாது, ஜனவரியிலிருந்துதான். முறையிட்டோம். விமானச் செலவையும் காப்பீட்டையும் மட்டும் ஏற்பதாகச் சொன்னார்கள், மற்றதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கணவர் ஒரு சாயங்காலம் முழுக்க நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ரட்கர்ஸோடு வித்தியாசம் பெரிதுதான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லா எண்களையும் காட்டினார். கோடையில் வேலை பார்த்து லண்டன் கைச்செலவைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தேம்ஸ்_கரை எழுதிய ஜனவரிக் கஷ்டத்தை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தெரிந்துகொண்டு போகிறேன் அம்மா, பரவாயில்லை" என்றாள். லண்டன் என்று முடிவு, முன்பணம் கட்டிவிட்டோம்.

தேம்ஸ்_கரை

ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி! நடனம், பாட்டு எதாவது குழுவில் சேர ஆசை இருந்தால் செப்டம்பரிலேயே அவர்களுக்கு மெயில் போட்டு, ஜனவரியில் வருவேன், வீடியோ அனுப்பலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். என்னுடன் வந்த ஒருவன் அப்படித்தான் இசைக்குழுவில் இடம் பிடித்தான்.

மினசோட்டா_மல்லி

வாழ்த்துகள். ஜனவரி அறைக்கான படிவம் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வரும், கல்லூரி மெயிலுக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். லண்டனில் இருக்கும் பிள்ளைகள் அந்த மெயிலைத் திறந்தே பார்ப்பதில்லை. கடைசித் தேதி தாண்டினால் மிச்சம் இருக்கும் கட்டில்தான் கிடைக்கும். அக்டோபர் நடுவிலிருந்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கூட இருக்கப் பிடித்த தோழி யாராவது லண்டனிலேயே கிடைத்தால் இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் அந்தப் படிவத்தில் எழுத வேண்டும். ஒருத்தி மட்டும் எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.